மிச்சிகன் பல்கலைக்கழக ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த அணியைப் பற்றியது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் ஆன் ஆர்பர் என்ற ஊர் இருக்கிறது. அவ்வூரில் அமைந்துள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணியே இங்குப் பேசப்படுகிறது. மஞ்சளும் நீலமும் அதன் நிறங்கள்; அணியினர் 'வுல்வரின்கள்' என்று அழைக்கப்படுகின்றனர். பிள்ளைகளை அங்குப் படிக்க அனுப்பிய பெற்றோரும், வேலைக்காக அப்பக்கம் குடியேறியவர்களும் இந்த அணியைப் பற்றி அடுத்தடுத்துக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்து விடையளிக்கும் முயற்சி இது.

ஐஸ் ஹாக்கி பற்றி எதுவும் தெரியாதவர் முதலில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

நம் ஊரில் ஹாக்கி என்றால் புல்தரையில் பதினொருவர் ஆடும் ஆட்டம். இதுவோ உறைபனித் தளத்தில், காலில் சறுக்குக் காலணி அணிந்து, பக்கத்துக்கு ஆறு பேர் ஆடுவது. அந்த ஆறு பேரில் ஒருவர் கோல்கீப்பர். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவினது. ஆட்டம் இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள். கடிகாரம் ஆட்டம் நிற்கும்போதெல்லாம் நிறுத்தப்படுவதால், அறுபது நிமிட ஆட்டம் முடிய இரண்டரை மணி நேரம் ஆகும். பனிமேல் முழு வேகத்தில் ஒருவரால் முக்கால் நிமிடத்துக்கு மேல் ஓடமுடியாது என்பதால், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வீரர்கள் தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருப்பார்கள். முதல் முறை பார்ப்பவரைக் குழப்புவது இதுதான். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

கல்லூரி ஆட்டத்துக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் வெளிப்படையாகத் தெரியும் வேறுபாடு ஒன்று உண்டு. கல்லூரி வீரர்கள் முகம் முழுவதையும் மறைக்கும் கம்பிக்கூண்டு அல்லது தடுப்பு அணிந்திருப்பார்கள். மேலும் அவர்கள் மாணவர்கள். வார நாள்களில் வகுப்பு, வெள்ளி சனிக்கிழமைகளில் ஆட்டம். அக்டோபரில் தொடங்கும் பருவம் ஏப்ரலில், 'ஃப்ரோசன் ஃபோர்' எனப்படும் தேசிய அரையிறுதி, இறுதி ஆட்டங்களோடு முடிகிறது.

இந்த அணியை யார், எப்போது தொடங்கினார்கள்?

மாணவர்கள் தாமாகவே கூடி ஆடிய காலம் அதற்கு முன்பே இருந்தது என்றாலும், பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியாக ஐஸ் ஹாக்கி ஏற்கப்பட்டது 1922-23 பருவத்தில். முதல் பயிற்சியாளர் ஜோசப் பார்ஸ் என்ற கனடியர். அவர் ஆன் ஆர்பருக்கு வந்து சேர்ந்த வழியை அறிந்தால் இந்த அணியின் வரலாற்றை வெறும் கோல் கணக்காகப் பார்க்க மனம் வராது.

பார்ஸ் நோவா ஸ்கோஷியாவின் அகேடியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். பல விளையாட்டுகளில் தேர்ந்தவர். முதல் உலகப் போரில் கனடியப் படையில் சேர்ந்து, ஐரோப்பியப் போர்முனையில் காயமடைந்து ஊர் திரும்பினார். அவர் திரும்பியிருந்த காலத்தில்தான், 1917 டிசம்பர் 6 அன்று, ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிவந்த 'மோன் பிளாங்' என்ற கப்பல் மற்றொரு கப்பலோடு மோதித் தீப்பற்றி வெடித்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டனர். நகரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. காயம்பட்டவர்களுக்கு உதவச் சென்றவர்களில் பார்ஸும் ஒருவர். அங்குக் கண்டதும் செய்ததும் அவரை மருத்துவராக வேண்டும் என்ற முடிவுக்குக் கொண்டுவந்தன. மருத்துவம் படிக்க மிச்சிகனுக்கு வந்தவர், படிப்போடு படிப்பாக அங்கே ஒரு ஹாக்கி அணியையும் கட்டினார். 1923 ஜனவரியில் விஸ்கான்சின் அணிக்கு எதிராக ஆடிய முதல் ஆட்டத்தில் மிச்சிகன் 2-1 என்று வென்றது. 1927 வரை பயிற்சியளித்துவிட்டு அவர் தம் மருத்துவத் தொழிலுக்குப் போனார்.

படிப்புக்காக வந்த இடத்தில் ஆடியவர் என்பதை இங்கு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அணியின் நூறாண்டில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி, ஆட வந்தவன் படிக்கவும் வேண்டுமா என்பதே. அதன் முதல் பயிற்சியாளர் அக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை சொல்லிவிட்டார்.

அணியின் அரங்கம் 'யோஸ்ட்' என்று ஏன் அழைக்கப்படுகிறது?

ஃபீல்டிங் யோஸ்ட் என்பவர் மிச்சிகனின் புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். பின்னர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர். அவர் பெயரில் 1923-இல் கட்டப்பட்ட உள்ளரங்கம் இது. ஆனால் முதல் ஐம்பது ஆண்டுகள் இங்குப் பனித்தளமே கிடையாது. கூடைப்பந்தும் தடகளமும்தான் நடந்தன. ஹாக்கி அணி அக்காலம் முழுவதும் ஆன் ஆர்பரிலேயே வைன்பெர்க் கொலிசியம் என்ற சிறிய கூடத்தில் ஆடியது. 1973-இல்தான் யோஸ்ட் கட்டடம் பனி அரங்கமாக மாற்றப்பட்டு, அணி அங்குக் குடிபெயர்ந்தது.

கட்டடம் செங்கல்லால் ஆனது. வெளியிலிருந்து பார்த்தால், வளைவுகளோடு கூடிய உயரமான சன்னல்கள் வரிசையாக நிற்பதால், ஒரு பழைய நூலகத்தையோ இரயில் நிலையத்தையோ போலத் தோன்றும். உள்ளே நுழைந்ததும் முகத்தில் குளிர் அடிக்கும். தலைக்கு மேலே இரும்பு உத்திரங்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். ஏறத்தாழ 5,800 பேர் அமரலாம். இருக்கைகள் பனித்தளத்தை ஒட்டிச் செங்குத்தாக ஏறுவதால், வீரர் ஒருவர் தடுப்புக் கண்ணாடியில் மோதும் அதிர்வு உட்கார்ந்திருக்கும் பலகை வரை வந்து சேரும். இன்றைய பெரிய அரங்குகள் எதிலும் இந்த நெருக்கம் கிடைப்பதில்லை. இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டாமல், பலமுறை புதுப்பித்து வைத்திருப்பது பல்கலைக்கழகம் செய்த நல்ல முடிவுகளில் ஒன்று.

தேசிய சாம்பியன்ஷிப் போட்டி பிறந்ததில் மிச்சிகனுக்குப் பங்கு உண்டா?

உண்டு, பெரும் பங்கு. 1930-களில் மிச்சிகனுக்காக ஆடி, சிகாகோ அணிக்காகத் தொழில்முறை ஆட்டத்திலும் இறங்கி, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்துவிட்டு, 1944-இல் தாம் படித்த இடத்துக்கே பயிற்சியாளராகத் திரும்பியவர் விக் ஹெய்லிகர். அந்நாளில் கல்லூரி ஹாக்கிக்குத் தேசிய அளவிலான போட்டி என்று ஒன்று இல்லை. கிழக்கே பாஸ்டன் பகுதிக் கல்லூரிகள் ஒருபுறம், நடுமேற்கிலும் மலைநாட்டிலும் இருந்த கல்லூரிகள் மறுபுறம் என்று தனித்தனியே ஆடிக்கொண்டிருந்தன. யார் பெரியவர் என்பதை முடிவுசெய்ய வழியில்லை. அந்த வழியை உண்டாக்க மற்றப் பயிற்சியாளர்களோடு கூடிப் பாடுபட்டவர்களில் ஹெய்லிகர் முன்னணியில் நின்றார்.

விளைவாக, 1948 மார்ச்சில் கொலராடோ மாநிலத்தின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில், பிராட்மூர் என்ற விடுதியின் பனி அரங்கில், நான்கு அணிகள் பங்கேற்ற முதல் என்.சி.ஏ.ஏ. ஹாக்கிப் போட்டி நடந்தது. (என்.சி.ஏ.ஏ. என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பு.) அரையிறுதியில் பாஸ்டன் காலேஜ் அணியைக் கூடுதல் நேரத்தில் 6-4 என்றும், இறுதியில் டார்ட்மத் அணியை 8-4 என்றும் வென்று, மிச்சிகனே முதல் தேசிய சாம்பியன் ஆயிற்று.

முதல் பத்து ஆண்டுகள் போட்டி பிராட்மூரிலேயே நடந்தது. அந்தப் பத்து ஆண்டும் மிச்சிகன் அங்கே இருந்தது. 1951, 1952, 1953, 1955, 1956 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் வென்று, ஹெய்லிகர் மொத்தம் ஆறு பட்டங்களைச் சேர்த்தார். ஒரே பயிற்சியாளர் ஆறு தேசியப் பட்டங்கள் வென்ற அந்தச் சாதனையை எட்டிப்பிடிக்க அடுத்த அறுபது ஆண்டுகளிலும் எவராலும் முடியவில்லை. நான்கே அணிகள் ஆடிய போட்டிதானே என்று சிலர் இதைக் குறைத்துச் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. அந்நான்கில் ஒன்றாகத் தேர்வுபெறுவதே ஒரு பருவம் முழுவதும் ஆடிப் பெறவேண்டிய தகுதி. அதைப் பத்து ஆண்டு இடைவிடாமல் பெற்ற அணி இது.

அந்தக் கால அணியில் ஏன் அத்தனை கனடியர்கள்?

ஆன் ஆர்பரிலிருந்து கனடா எல்லை ஒரு மணி நேரப் பயணம். கனடாவில் ஹாக்கி ஆடாத சிற்றூர் கிடையாது. ஆனால் அங்கே திறமையுள்ள ஓர் இளைஞன் தொழில்முறை அணிகளின் வலைக்குள் பதினாறு பதினேழு வயதிலேயே போய்விடுவான், படிப்பு பாதியில் நின்றுவிடும். பட்டப்படிப்பும் வேண்டும், ஆட்டமும் வேண்டும் என்று நினைத்த சிலருக்கு மிச்சிகன் போன்ற இடங்கள் கதவைத் திறந்தன. 1950-களின் மிச்சிகன் அணிகளில் பெரும்பாலோர் கனடியரே.

இதற்கு எதிர்ப்பும் வலுவாக இருந்தது. மினசோட்டாவின் பயிற்சியாளர் ஜான் மாரியூச்சி, உள்ளூர் அமெரிக்கப் பையன்களுக்கு இடம் பறிபோகிறது என்றும், வயதில் மூத்த கனடியர்களை இறக்குவது நேர்மையன்று என்றும் உரக்கச் சொன்னார். 1958-இல் அந்தப் பூசலால் மேற்கத்திய லீக்கே உடைந்து, மறு ஆண்டு வேறு பெயரில் மீண்டும் கூடியது. மாரியூச்சியின் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மிச்சிகனுக்கு வந்த கனடியர்களில் பலர் பட்டம் பெற்றார்கள் என்பதையும், ஊரில் இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மொத்தம் எத்தனை தேசியப் பட்டங்கள்?

ஒன்பது: 1948, 1951, 1952, 1953, 1955, 1956, 1964, 1996, 1998. நெடுங்காலம் இதுவே வேறெவரும் எட்டாத எண்ணிக்கை. 2022-இல் டென்வர் பல்கலைக்கழகம் ஒன்பதைத் தொட்டு, 2024-இல் பத்தாவது பட்டத்தை வென்று முன்னே சென்றது.

1964-க்கும் 1996-க்கும் நடுவே என்ன நடந்தது?

1964 பட்டம் ஆல் ரென்ஃப்ரூ பயிற்சியில் கிடைத்தது. 1948 சாம்பியன் அணியில் ஆடிய அதே ரென்ஃப்ரூதான். இறுதி ஆட்டத்தில் டென்வரை அவர்கள் ஊரிலேயே 6-3 என்று வீழ்த்தினார். அதன் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் வறட்சி.

அந்த வறட்சியிலும் ஒரு முறை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது. 1977-இல், டான் ஃபாரெல் பயிற்சியில், டெட்ராய்ட்டின் பழைய ஒலிம்பியா அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில், விஸ்கான்சினிடம் கூடுதல் நேரம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆவதற்குள் 6-5 என்று தோற்றது. அதற்குப் பின் அணி தேய்ந்தது. 1981-இல் அணி வேறொரு கல்லூரி லீக்குக்கு மாறியது. 1980-களின் தொடக்கத்தில் யோஸ்ட் அரங்கில் காலி இருக்கைகளே மிகுதி. முன்னாள் வீரர்கள்கூட வருவதைக் குறைத்துக்கொண்ட காலம் அது.

ரெட் பெரன்சன் பற்றி எல்லோரும் இவ்வளவு மரியாதையோடு பேசுவது ஏன்?

கோர்டன் பெரன்சன், செம்பட்டைத் தலைமுடியால் 'ரெட்' என்று பெயர் பெற்றவர், கனடாவின் ரெஜினா நகரத்துப் பிள்ளை. அவரை ஆடவைக்கும் உரிமை மான்ட்ரியல் கனேடியன்ஸ் என்ற தொழில்முறை அணியிடம் இருந்தது. அமெரிக்கக் கல்லூரிக்குப் போனால் தொழில்முறை வீரராக ஒருநாளும் ஆகமுடியாது என்றே அக்காலத்தில் அனைவரும் எச்சரித்தார்கள், அவர் கேட்கவில்லை. மிச்சிகனில் வணிகவியல் படித்துக்கொண்டே 1961-62 பருவத்தில் 28 ஆட்டங்களில் 43 கோல்கள் அடித்தார். அந்தப் பருவத்தின் கடைசிக் கல்லூரி ஆட்டத்தை நியூயார்க் மாநிலத்தின் உட்டிகாவில் ஆடிமுடித்துவிட்டு, மறுநாள் பாஸ்டனில் மான்ட்ரியல் அணியின் சட்டையோடு என்.எச்.எல். ஆட்டத்தில் இறங்கினார். என்.எச்.எல். என்பது உலகின் உச்சத் தொழில்முறை லீக். கல்லூரியிலிருந்து நேரே அங்குச் செல்வது அன்று கேள்விப்படாத ஒன்று. பின்னர் 1968 நவம்பர் 7 அன்று செயின்ட் லூயிஸ் அணிக்காக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல்கள் அடித்தார். 1981-இல் அதே அணியின் பயிற்சியாளராக, லீக்கின் சிறந்த பயிற்சியாளருக்கான விருதும் பெற்றார்.

இத்தனைக்கும் பிறகு 1984-இல் அவர் மிச்சிகனுக்குத் திரும்பினார். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. முதல் மூன்று பருவங்களிலும் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். ஆனால் வகுப்புக்கு ஒழுங்காகப் போவதும் பட்டம் பெறுவதும் அணியில் இடம்பெறுவதைப் போலவே கட்டாயம் என்பதில் அவர் இம்மியும் இறங்கவில்லை. மெல்ல மெல்ல, படிக்கவும் ஆடவும் விரும்பிய நல்ல வீரர்கள் வரத் தொடங்கினர். 1991 முதல் 2012 வரை இருபத்திரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 2017-இல் ஓய்வுபெற்றபோது மிச்சிகனில் மட்டும் 848 வெற்றிகள் அவர் கணக்கில் இருந்தன. எண்களைவிடப் பெரிது, நான்கு ஆண்டு முடிக்காமல் போனவர்களைக்கூடத் திரும்ப வந்து படிப்பை முடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்த அவருடைய பிடிவாதம்.

1996 பட்டம் எப்படிக் கிடைத்தது?

அதற்கு முந்தைய ஆண்டு அரையிறுதியில் மெய்ன் அணியிடம் மூன்றாவது கூடுதல் நேரத்தில் 4-3 என்று தோற்றிருந்தார்கள். அந்த வலியோடு வந்தவர்கள், 1996 மார்ச் 30 அன்று சின்சினாட்டியில் கொலராடோ காலேஜ் அணியை இறுதியில் சந்தித்தார்கள். 2-2 என்று சமநிலையில் மூன்று பகுதிகளும் முடிந்தன. கூடுதல் நேரத்தின் நான்காவது நிமிடத்தில், கோல்கீப்பர் தடுத்துத் திரும்பிவந்த பக்கை பிரெண்டன் மாரிசன் உள்ளே தள்ளினார். முப்பத்திரண்டு ஆண்டு காத்திருப்பு முடிந்தது. பட்டம் வெல்லும் வாய்ப்பே கிட்டாமல் போன முன்னாள் மிச்சிகன் வீரர்கள் அனைவருக்கும் உரியது இது என்று ஆட்டம் முடிந்தவுடன் மாரிசன் சொன்னார். மறு ஆண்டு, கல்லூரி ஹாக்கியின் மிக உயர்ந்த தனிநபர் விருதான ஹோபி பேக்கர் விருதையும் பெற்றார். அவருக்குப் பின் 2008-இல் கெவின் போர்ட்டரும் 2023-இல் முதலாண்டு மாணவராகவே ஆடம் ஃபான்டில்லியும் மிச்சிகனுக்காக அவ்விருதை வென்றனர்.

'மிச்சிகன் கோல்' என்று உலகமெங்கும் சொல்கிறார்களே, அது என்ன?

அதே 1996 மார்ச் மாதம். பட்டத்துக்குப் போகும் வழியில், ஈஸ்ட் லான்சிங் நகரில் மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டம். மிச்சிகன் ஒரு கோல் பின்தங்கி இருந்தது. மைக் லெக் என்ற வீரரிடம், கோல் வலைக்குப் பின்புறம் பக் வந்து சேர்ந்தது. எதிரணியினர் எவரும் உடனே அவரை நெருங்கவில்லை.

அவர் செய்ததைப் படிப்படியாகப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். முதலில் மட்டையின் தட்டையான அலகைப் பக்கின் மேல் வைத்து அழுத்தினார். அழுத்திய வேகத்தில் மட்டையைத் திருப்ப, பக்கின் விளிம்பு அலகோடு ஒட்டிக்கொண்டு பனியிலிருந்து எழும்பியது. தோசைத் திருப்பியில் வட்டு ஒன்றை ஏந்துவது போலத்தான். ஆனால் ஏந்திய கை ஒரு கணமும் நிற்கக்கூடாது, நின்றால் வட்டு விழுந்துவிடும். வீசும் விசைதான் அதை அலகோடு பிடித்துவைக்கிறது. அப்படியே வலையின் பக்கவாட்டுக் கம்பத்தைச் சுற்றி மட்டையைக் கொண்டுவந்து, கோல்கீப்பரின் தோளுக்கு மேலே, குறுக்குக் கம்பத்துக்குக் கீழே உள்ள இடைவெளியில் பக்கைச் செருகினார். தரையோடு வரும் பக்கைத் தடுக்கக் குனிந்திருந்த கோல்கீப்பருக்கு, அது காதோரமாகப் போனது தெரிவதற்குள் கோல் விழுந்துவிட்டது. ஆட்டம் 2-2 ஆயிற்று. இறுதியில் மிச்சிகன் 4-3 என்று வென்றது.

லெக் இதைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் ஊரான ஒன்டாரியோவின் லண்டன் நகரைச் சேர்ந்த பில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வீரரிடம் கற்றது. ஆயினும் நாடு பார்த்த ஆட்டத்தில், தோற்றால் பருவமே முடிந்துவிடும் என்ற நிலையில், அதைச் செய்யத் துணிந்தது லெக். அந்த மட்டை இன்று டொரான்டோவில் உள்ள ஹாக்கிப் புகழரங்கில் இருக்கிறது. என்.எச்.எல். ஆட்டத்தில் இதை முதலில் நிகழ்த்தியவர் ஆந்திரே ஸ்வெச்னிகோவ், 2019 அக்டோபர் 29 அன்று. இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளே அதன் கடினத்துக்குச் சாட்சி. இப்போது எந்த நாட்டில் எவர் அடித்தாலும் வர்ணனையாளர்கள் அதற்குச் சொல்லும் பெயர் 'மிச்சிகன்'.

1998 அணி 1996 அணியைவிடச் சிறந்ததா?

இல்லை. சிறந்த அணி நடுவே வந்த 1997 அணி. நான்கே ஆட்டங்களில் தோற்ற அந்த அணி அரையிறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் 3-2 என்று வீழ்ந்தது. 1998-இல் மூத்தவர்கள் பலர் பட்டம் பெற்றுப் போய்விட, புதியவர்களை வைத்துக்கொண்டு எவரும் எதிர்பாராத வெற்றியைப் பெற்றார்கள். தேசியப் போட்டியின் முதற்கட்டமாக யோஸ்ட் அரங்கிலேயே நடந்த மண்டலப் போட்டியில் முந்தைய ஆண்டுச் சாம்பியனான வடக்கு டகோட்டாவை 4-3 என்று வென்றதே அதன் திருப்புமுனை. இறுதி ஆட்டம் பாஸ்டனில், பாஸ்டன் காலேஜுக்கு எதிராக, அவர்கள் ஆதரவாளர்கள் நிறைந்த அரங்கில் நடந்தது. கூடுதல் நேரத்தில் முதலாண்டு மாணவர் ஜாஷ் லாங்ஃபெல்ட் கோல் அடிக்க 3-2 வெற்றி. வலையில் நின்றவர் மார்ட்டி டர்கோ. கல்லூரிக் காலத்தில் 127 வெற்றிகள் பெற்ற கோல்கீப்பர். என்னைக் கேட்டால் ஒன்பது பட்டங்களில் இதுவே மிக இனியது.

அதன் பிறகு ஏன் பட்டமே இல்லை?

நெருங்கி நெருங்கித் தவறியது. 2008-இல் அரையிறுதியில் நோட்டர் டேமிடம் கூடுதல் நேரத்தில் 5-4. 2011-இல் இறுதி ஆட்டத்திலேயே மினசோட்டா டுலூத்திடம் கூடுதல் நேரத்தில் 3-2. 2021-இல் கொரோனா தொற்று அணிக்குள் வந்ததால், மண்டலப் போட்டிக்காக ஃபார்கோ வரை சென்றும் ஆடாமலே திரும்ப நேர்ந்தது. 2022, 2023, 2024 என மூன்று ஆண்டும் தொடர்ந்து ஃப்ரோசன் ஃபோர் சென்று, மூன்றிலும் அரையிறுதியில் தோல்வி.

தனி ஒரு ஆட்டத்தில் வெளியேறிவிடும் முறையில் நல்ல அணி தோற்பது இயல்பே. அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டென்று நினைக்கிறேன். மிச்சிகன் சேர்க்கும் வீரர்கள் மிகத் திறமையானவர்கள் என்பதாலேயே ஓரிரு ஆண்டுகளில் என்.எச்.எல். அவர்களை அழைத்துக்கொள்கிறது. டிலன் லார்கினும் கைல் கானரும் ஃபான்டில்லியும் தலா ஒரு பருவம்தான் ஆடினார்கள். பதினெட்டு வயதுத் திறமைசாலிகளைக் கொண்ட அணி, நான்காண்டு சேர்ந்து ஆடிய இருபத்து மூன்று வயதினர் கொண்ட அணியை ஏப்ரல் மாதத்தில் சந்திக்கும்போது, பின்னவர்களின் உடல் வலுவும் நிதானமும் பல நேரங்களில் வெல்கின்றன.

ஒரே ஆண்டில் நான்கு மிச்சிகன் வீரர்கள் முதல் ஐந்து இடங்களில் தேர்வானது உண்மையா?

உண்மை. இளம் வீரர்களை ஆடவைக்கும் உரிமையை என்.எச்.எல். அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளும் நிகழ்வே வீரர் தேர்வு. 2021 தேர்வில் ஓவன் பவர் முதலிடம், மாட்டி பெனியர்ஸ் இரண்டாமிடம், லூக் ஹியூஸ் நான்காமிடம், கென்ட் ஜான்சன் ஐந்தாமிடம். இவர்களுள் ஹியூஸ் அப்போதுதான் மிச்சிகனில் சேரவிருந்தவர். தேர்வான பிறகும் நால்வரும் 2021-22 பருவத்தில் மிச்சிகனுக்காகவே ஆடினார்கள். முதலிடத்தில் தேர்வானவர் உடனே கோடிகளுக்குக் கையெழுத்திடாமல் வகுப்பறைக்குத் திரும்பியது ஆன் ஆர்பரில் பலருக்கும் நெகிழ்ச்சியாக இருந்தது.

திறந்தவெளியில் ஆடிய ஆட்டம் பற்றிச் சொல்லுங்கள்.

மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம்தான் நெடுநாள் எதிரணி. ஒரு மணி நேரத் தொலைவில், அதே மாநிலத்தில் இருக்கிறது. 2001 அக்டோபர் 6 அன்று அவர்களுடைய கால்பந்து மைதானத்தில் பனித்தளம் அமைத்து இரு அணிகளும் ஆடியதை 74,544 பேர் பார்த்தார்கள், 3-3 சமன். திறந்தவெளி மைதானங்களில் பெரிய ஹாக்கி ஆட்டங்கள் நடத்தும் இன்றைய வழக்கத்துக்கு அதுவே வித்து. 2010 டிசம்பர் 11 அன்று மிச்சிகனின் சொந்தக் கால்பந்து மைதானத்தில் மறு ஆட்டம். மிச்சிகன் 5-0 வெற்றி. அன்று அறிவிக்கப்பட்ட கூட்டம் 1,13,411. கின்னஸ் அமைப்பு தன் முறைப்படி எண்ணி ஏற்றது 1,04,173. எதை ஏற்றாலும் ஐஸ் ஹாக்கிக்கு அதுவரை கூடியிராத கூட்டம்.

2022-இல் பயிற்சியாளர் மாறியது ஏன்?

பெரன்சனுக்குப் பின் 2017-இல் பொறுப்பேற்ற மெல் பியர்சன், அவருடைய நெடுநாள் துணைப் பயிற்சியாளர். அணியின் பணிச்சூழல் பற்றிய வெளி விசாரணை அறிக்கை வந்த பின்னர், 2022 ஆகஸ்டில் அவர் தொடரமாட்டார் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. முன்னாள் மிச்சிகன் வீரரான பிராண்டன் நௌராட்டோ இடைக்காலப் பயிற்சியாளராகி, மறு ஆண்டு நிரந்தரமாக்கப்பட்டார்.

பெண்கள் அணி உண்டா?

மாணவியர் கழக அளவில் ஆடுகிறார்கள். ஆண்கள் அணியைப் போலப் பல்கலைக்கழகம் முழுப் பொறுப்பேற்று நடத்தும் அணி அவர்களுக்கு இதுவரை அமையவில்லை. விஸ்கான்சினும் மினசோட்டாவும் பல தேசியப் பட்டங்கள் வென்ற பெண்கள் அணிகளை வைத்திருக்கும்போது, நூறாண்டு ஹாக்கி மரபுள்ள மிச்சிகன் இதில் பின்தங்கியிருப்பது வருத்தத்துக்குரியது.

2025-இல் வந்த விதி மாற்றம் என்ன?

கனடாவின் மூன்று பெரிய இளையோர் லீக்குகளில் ஒரே ஓர் ஆட்டம் ஆடியவர்கூட அமெரிக்கக் கல்லூரியில் ஆடமுடியாது என்பது பல்லாண்டு விதி. அங்கே வீரர்களுக்குச் சிறு தொகை கைச்செலவுக்குத் தரப்படுவதாலும், தொழில்முறை ஒப்பந்தம் செய்தவர்கள் அங்கே ஆடுவதாலும் அவை தொழில்முறை லீக்குகளாகக் கருதப்பட்டன. 2024 நவம்பரில் என்.சி.ஏ.ஏ. அத்தடையை நீக்க முடிவு செய்தது. 2025-26 பருவத்திலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. கல்லூரியா, இளையோர் லீக்கா என்று பதினாறு வயதில் ஒரு கனடியச் சிறுவன் செய்யவேண்டியிருந்த கொடிய தேர்வு இதனால் நீங்கியது. பெரன்சன் தம் இளமையில் எல்லோருடைய எச்சரிக்கையையும் மீறிச் செய்த தேர்வு அது.

முதன்முறை யோஸ்ட் அரங்குக்குப் போகிறவர் என்ன செய்ய வேண்டும்?

உள்ளரங்கம்தானே என்று நினைத்து மேலங்கியை வண்டியில் விட்டுவிடாதீர்கள். குழந்தைகளுக்குக் கையுறையும் தேவைப்படும். ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்பே போய்விட்டால், வீரர்கள் பயிற்சிக்காக வட்டமிடுவதை அருகில் பார்க்கலாம். தலைக்கவசத்தில் மிச்சிகனுக்கே உரிய இறக்கை வடிவம் தீட்டியிருக்கும். மாணவர் பகுதிக்கு எதிர்ப்புறம் இடம் எடுத்தால் அவர்கள் முழக்கங்களை முழுமையாகக் கேட்கலாம். சில முழக்கங்கள் சிறுவர் காதுக்கு ஏற்றவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் கோல் அடித்ததும் பல்கலைக்கழக வாத்தியக் குழு முழங்க, மாணவர்கள் அனைவரும் எழுந்து எதிரணிக் கோல்கீப்பரை நோக்கிக் கைநீட்டி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துவார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் 'சல்லடை'.